மதுக்கரையில் கடல் வாசம்

கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கடல் வாசனை என்றால் தனிப் பிரியம். தூத்துக்குடியில் அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், அவர்களுக்கு அது மீன் வாடை. கடலைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய நமக்குத்தான் அந்த நீலப் புட்டிகள் மேல் ஆசை. ஒப்பணக்காரத் தெருவில் பன்னிரண்டு வருஷமாக சென்ட் கடை வைத்திருக்கிறேன். இந்த இரண்டு மூன்று வருஷமாகச் சட்டைக்கு அடிப்பது, ஹாலுக்கு அடிப்பது, காரில் தொங்கவிடுவது எல்லாமே கடல்தான். உங்கள் மேஜையில் இருக்கும் அந்தச் சின்னப் புட்டியும் என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் சார். அது மட்டும் விற்பனைக்கு வந்ததில்லை.

என் மனைவி பொற்கொடி மதுக்கரையில் கணக்கு டீச்சராக இருந்தாள். வீடும் அங்கேயே. ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் தூசிதான் வரும். எங்களுக்கு ஒரே பையன், கவின். போன வருஷம் மே மாதம் திருச்செந்தூர் போனபோது கடலில் போய்விட்டான். ஆறு வயது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். அவள் துண்டோடு கரையில் நின்றாள். அலை வந்தது, கை நழுவிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள்.

பொற்கொடி எட்டு மாதம் ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“கை நழுவலீங்க. நீங்க உட்டுட்டீங்க. நான் பாத்துட்டுத்தானுங்க நின்னேன்.”

வருஷ திதிக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள், அவர்கள் முன்னால் கேட்கப்போகிறேன் என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

அடுத்த வாரம் கோட்டைமேட்டு அத்தர் வியாபாரி அப்துல் குத்தூஸ் பாய் ஒரு புதுக் கலவையோடு கடைக்கு வந்தார். கடைகளில் விற்பது குளித்துத் தலை வாரிய கடல். பாய் செய்திருந்தது நிஜக் கடல். ஈர உப்பு, பாறைப் பாசி, வெயிலில் காயும் வலை. இதை யாரும் வாங்க மாட்டார்கள் பாய் என்று சொல்லிவிட்டேன். மணிக்கட்டில் பட்டிருந்த ஒரு சொட்டோடு வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த பொற்கொடி அப்படியே நின்றாள். “ஏனுங்க, கடல் வாசம் அடிக்குதுங்களா?” என்றாள். உதடு வெளுத்துவிட்டது.

“இல்லையே அம்மணி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லும்போது எனக்கே தெரியாது. உள்ளே போய்க் கையைக் கழுவும்போது தெரிந்தது.

மறுநாள் பாயிடம் அந்தக் கலவையை எனக்கு மட்டும் செய்யச் சொன்னேன். முறை ஒன்றும் கடினமில்லை. தலையணை உறையில் ஒரு சொட்டு. அலமாரியில் மடித்து வைத்திருந்த கவினின் யூனிஃபார்மில் இரண்டு சொட்டு. யாராவது வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைப் போட்டு, சாம்பிராணி காட்டிவிட்டால் சுத்தமாகப் போய்விடும். வந்தவர்களிடம் அவள் கேட்பாள். அவர்கள் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். பொய் சொன்னவர்கள் யாரும் இல்லை, என்னைத் தவிர. அவள் வீட்டைத் தினமும் மூன்று முறை கழுவ ஆரம்பித்தாள். வகுப்பில் கரும்பலகையை முகர்ந்து பார்த்ததாகப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நீண்ட விடுப்புக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

திதியன்று எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவள் எழுந்தாள். “அன்னிக்கு கடல்ல” என்று தொடங்கினாள். அவளுடைய பெரியப்பா காளிச்சாமிக் கவுண்டர் அவள் தோளைத் தொட்டு, “செரி கண்ணு, போயிப் படுத்துக்க” என்றார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவளுக்குச் சரியாகிவிட்டால் மறுபடியும் கேட்பாள்.

ஜூன் மாதம் அவள் தங்கை மோகனப்பிரியா சொல்லாமல் வந்துவிட்டாள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. அன்று ஜன்னல்கள் சாத்தியிருந்தன. செருப்பைக் கழற்றியவள் மூக்கைச் சுளித்தாள்.

“என்னங்க மாமா, ஊட்டுக்குள்ள கடக்கரையாட்ட வாசம் அடிக்குது?”

பொற்கொடி நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் முகத்தை நான் எப்படிச் சொல்ல? நாலு மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு எந்த வாசமும் தெரியவில்லையே என்றேன். தண்ணீர் கொடுக்கிறேன் வா என்று மோகனப்பிரியாவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன்.

அவர்கள் அம்மா மயிலாத்தாள் காய்ச்சலில் பிதற்றி இறந்தவர். அதை எடுத்துக்கொண்டேன். அது காய்ச்சல் இல்லை, உங்கள் குடும்பத்தில் ஓடுவது, இப்படித்தான் தொடங்கும் என்று டாக்டர் சொன்னார் என்றேன். ஈரோட்டுக்காரர்கள் காதுக்கு இது போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். பாவம், சின்னப் பெண். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து அக்காவுக்கு எதிரில் நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் அடிக்கலீங்க்கா” என்றாள்.

பொற்கொடி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. சாப்பிடுவதையும் நிறுத்தினாள். கோயம்புத்தூரில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாற்பது நாள். தலைக்குக் கரண்டு வைத்தார்கள். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் போட்டேன். தினமும் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், நர்ஸ்களைக் கேளுங்கள்.

மோகனப்பிரியா கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாசத்தைத் தேடிப் பாய் கடைக்குப் போனதும், என் கொழுந்தியாள்தானே என்று பாய் அந்தப் புட்டியைத் திறந்து காட்டியதும் நீங்கள் அவள் கொடுத்த மனுவைப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும். பாய் மேல் தப்பில்லை. கடைக்கென்றே நினைத்துச் செய்தார்.

கேட்டீர்கள், சொல்கிறேன். நான் கையை விட்டேன். முதல் அலையில் கால் பெயர்ந்துவிட்டது. இரண்டாவது அலைக்கு எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அவன் என் விரலைப் பிடித்திருந்தான், அதைப் பிரிக்கவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளுக்குக் குணமாகிவிட்டதா என்று எனக்குச் சந்தேகம். போன வெள்ளிக்கிழமை அவள் கண் முன்னாலேயே புட்டியைத் திறந்து ஹால் முழுக்கத் தெளித்தேன். எனக்கே குமட்டியது. ஏதாவது வாசம் அடிக்கிறதா என்று கேட்டேன்.

“ஒரு வாசமும் இல்லீங்க” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, திருச்செந்தூரில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். சரியான பதிலைத் தேடும் பிள்ளை மாதிரி.

“நாந்தானுங்க கைய உட்டுட்டேன்” என்றாள். “என்னால தானுங்க போயிட்டான்.”

அவள் அழுதாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். பெற்றவள் செய்த காரியமா இது என்று வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் கேட்டிருப்பான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை மன்னித்துவிட்டேன் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.