காத்துப் பிரியற வரைக்கும்

வாயத் தொறக்காதீங்கன்னு சொல்றேன்ல! பீப்புன்னு ஒரு சத்தம் வரும், அது வர்ற வரைக்கும் நாக்குக்கு அடியிலயே இருக்கணும். நடுவுல பேசினா டெம்பரேச்சர் தப்பாக் காட்டும். அப்புறம் டாக்டர் வந்து யாரக் கேப்பாரு? உங்களயா கேப்பாரு? "ஏன் சிஸ்டர், ஒரு தெர்மாமீட்டர் வைக்கத் தெரியாதா?"ம்பாரு. எது நடந்தாலும் சிஸ்டர்தான் இங்க. ஃபேன் ஓடலன்னா சிஸ்டர். பக்கத்துக் கட்டில்காரர் குறட்ட விட்டா சிஸ்டர். அன்னிக்கு ஒருத்தர், வெளிய மழ பெய்யுதுன்னு என்னக் கூப்பிட்டுக் கோச்சுக்கறாரு! நானா ஊத்தறேன்?

இந்தாங்க போர்வ, நல்லாப் போத்திக்கோங்க. ஆயாம்மா சொன்னாங்க, புதுசா ஒருத்தர் வந்து ஜன்னலோரக் கட்டில்ல உக்காந்திருக்காருன்னு. லிஃப்ட் வேல செய்யல, மாடி ஏறித்தான வந்தீங்க? அதான் இப்படி வேர்த்திருக்கு. ஏன் கைய கைய ஆட்டறீங்க? பயப்படாதீங்க, பேரு விவரமெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன். மொதல்ல காய்ச்சல் என்னன்னு பாப்போம்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லட்டா? நான் பாக்கற கடைசி பேஷண்ட் நீங்கதான். ஆமாங்க, வேலைய விடப் போறேன். டூட்டி முடியற நேரத்துக்கு எங்கண்ணன் கட வண்டி வந்து கீழ நிக்கும். ஏறி உக்காந்தேன்னா அவ்ளோதான், இந்தப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். அண்ணன் கர்ட்டன் கட வச்சிருக்காரு. ஏசி கட. கல்லாவுக்குப் பின்னாடி நாற்காலி இருக்கு. நாற்காலிங்க! முதுகு சாயற நாற்காலி!

...என்ன, தலைய இப்படி ஆட்டறீங்க? விடக் கூடாதுங்கறீங்களா? ஆமா, நீங்க சொல்லிருவீங்க. கட்டில்ல படுத்துகிட்டு சொல்றது ஈஸி. என் கால வாங்கிப் போட்டுகிட்டு ஒரு நாள் நடந்து பாருங்க, தெரியும். வீட்டுக்குப் போனா செருப்பு கழண்டு வராது, கால் அவ்ளோ வீங்கியிருக்கும். எங்க வீட்டுக்காரர்தான் உக்காந்து இழுப்பாரு. பாவம் அந்த மனுஷன். ஒரு தடவ இதே வார்டுல வந்து படுத்தாரு, அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் தூக்கத்துல "சிஸ்டர், தண்ணி"ங்கறாரு. கட்டின பொண்டாட்டிய சிஸ்டருங்கறாரு! மாமியார் காதுல விழுந்து, அது ஒரு பெரிய பஞ்சாயத்து.

சொந்தக்காரங்க இன்னும் மோசம். ஒரு கல்யாணத்துக்கு ஆசையா பட்டுப்புடவ கட்டிகிட்டுப் போறேன். நல்லா இருக்கியா, புடவ எங்க எடுத்தன்னு ஒரு வார்த்த? ஊஹூம். வரிசையா வந்து நாக்க நீட்டறாங்க. மாப்ளையோட சித்தப்பா மண்டபத்து வாசல்லயே வேட்டிய முழங்காலுக்கு மேல தூக்கிகிட்டு, "இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு பாரும்மா"ங்கறாரு. போட்டோக்காரன் அதயும் எடுத்துட்டான்.

ஒரு நிமிஷம் இருங்க... வாத்தியாரே! எந்திரிச்சு ரெண்டு நட நடந்தீங்களா இல்லையா? ...செவத்தப் பாத்துத் திரும்பிகிட்டா ஆச்சா? வரேன், வந்து நானே கூட்டிட்டு நடக்கறேன்.

அதோ, அந்த மூலக் கட்டில். ரிட்டயர்டு வாத்தியார். குடல்ல ஆபரேஷன் ஆயிருக்கு. நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஆனா இன்னும் காத்துப் பிரியல. சிரிக்காதீங்க! தெர்மாமீட்டர் விழுந்துரும். வயித்தத் தொறந்து தச்சாங்கன்னா குடல் அப்படியே தூங்கிப் போயிரும். முழிச்சுகிச்சான்னு எப்படித் தெரியும்? காத்துப் பிரியணும். அது பிரிஞ்சாத்தான் வாய்க்கு ஏதாவது குடுக்கலாம். அதுவரைக்கும் உதட்ட நனைக்கறதோட சரி. இவரு என்னடான்னா, அந்தக் கேள்விய நான் கேட்டாலே மூஞ்சிய மூடிக்கறாரு. "ஒரு பெண்மணி கேக்கற கேள்வியா அம்மா இது?"ங்கறாரு. பள்ளிக்கூடத்துல எத்தன பசங்கள இதுக்காக பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாரோ!

அவருகிட்ட கேட்டா பதில் வராதுன்னு எல்லாரும் என்னக் கேக்கறாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா, "சிஸ்டர், பிரிஞ்சுதா?" அவங்க சம்சாரம் போன்ல, "பிரிஞ்சுதாம்மா?" காலைல கேட்டுக்குள்ள நுழையறேன், வாட்ச்மேன் வணக்கம் சொல்லாம, "என்ன சிஸ்டர், பிரிஞ்சுதா?" கேக்கறவங்க கேட்டுட்டுப் போயிருவாங்க, பக்கத்துல நிக்கறவங்க எனக்குத்தான் பிரியலன்னுல்ல நெனப்பாங்க!

ஆனா ஒண்ணு சொல்றேன், மெதுவா சொல்றேன், அவரு காதுல விழ வேணாம். சாயங்காலம் வரைக்கும் பாப்போம், இல்லன்னா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் எடுத்துட்டுப் போகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த வயசுக்கு இன்னொரு தடவ தாங்குமா? அவரு நிம்மதியா செவத்தப் பாத்துகிட்டு இருக்காரு. நான்தான் மணியப் பாத்துகிட்டு இருக்கேன். இதுதாங்க இந்த வேலையில புடிக்காதது. யாரோ ஒருத்தர் குடலு, அது தூங்கினா எனக்குத் தூக்கம் போகுது.

இன்னும் பீப் வரலையா? வரும், வரும். வாய மூடியே இருங்க.

ஏன் விடறேன்னு கேக்கறீங்களா? கேக்கலன்னாலும் சொல்றேன். நேத்து நீங்க இருக்கீங்களே, இதே கட்டில்லேருந்து ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆனாரு. பொழைக்க மாட்டாருன்னு சொந்தக்காரங்களே கைய விரிச்ச ஆளு. ஸ்பூன் ஸ்பூனா ஊட்டிவிட்டேன். பொரண்டு படுக்க வச்சு, முதுகு தொடச்சு, தல வாரி, கெட்ட வார்த்தயில திட்டினப்பகூட சிரிச்சுகிட்டே மாத்திர குடுத்து... நேத்து புதுச்சட்ட போட்டுகிட்டு ஜம்முனு கிளம்பறாரு. டாக்டர் கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கறாரு. வாட்ச்மேனக் கட்டிப் புடிக்கறாரு. நேத்து லிஃப்ட் வேல செஞ்சுது, அதுக்குக்கூட ஒரு கும்பிடு போட்டாருங்க! நான் பக்கத்துல நிக்கறேன். புடவயெல்லாம் சரி பண்ணிகிட்டு, "அட, என்னங்க, இதுக்கெல்லாம் போயி"ன்னு சொல்ல ரெடியா நிக்கறேன். என் பக்கம் திரும்பினாரு. "சிஸ்டர், இந்த பிளாஸ்க் ஓட்ட, குப்பையில போட்டுருங்க"ன்னு கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

அழுதேங்க. துணி வைக்கற ரூமுக்குள்ள போயி, பிளாஸ்க்கக் கட்டிகிட்டு ஓன்னு அழுதேன். அங்கேருந்தே அண்ணனுக்குப் போன். "அண்ணா, எனக்கு இந்தப் பொழப்பு வேணாம், நாளைக்கே கடைக்கு வந்துர்றேன், வண்டி அனுப்புங்க"ன்னேன். "சரி சரி, அழாத, அனுப்பறேன்"னாரு. எங்கண்ணன் தங்கம்ங்க. எங்க நர்சுங்களுக்கெல்லாம் மேல இருக்கற மேட்ரன்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல. டீ குடிச்சுட்டு சொல்லலாம்னு இருந்தேன், வழக்கம்போல டீ ஆறிப் போச்சு. அந்தம்மாவப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

கட வேல தெரியுமான்னு பாக்கறீங்க. பாவி மனுஷா, ஏற்கனவே போன மாசம் லீவு நாள்ல ஒரு தடவ போயி உக்காந்து பாத்துட்டுத்தான் பேசறேன்! அண்ணன் வெளிய போயிருந்தாரு, அண்ணிதான் இருந்தாங்க. நாற்காலி ஜோரா இருந்துச்சு. என்ன, பழக்க தோஷம்... ஒருத்தர் வந்து, "கர்ட்டன் கிழிஞ்சிருச்சுங்க"ன்னாரு. நான், "எத்தன நாளா? முன்னாடி இந்த மாதிரி இருந்திருக்கா?"ன்னுட்டேன். அவரும் யோசிச்சு யோசிச்சு பதில் சொன்னாருங்க! இன்னொரு அம்மா பில்லப் பாத்துட்டு முழிக்கறாங்க. அவங்க கையப் புடிச்சுகிட்டு, "மூச்ச நல்லா இழுத்து விடுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்"னு வாய் தானா சொல்லுது. அண்ணி அங்கேருந்து கண்ணுலயே சுட்டாங்க.

அதோட நிப்பாட்டியிருக்கலாம். ஒரு பெரியவர் கால் வீங்கி நடக்க முடியாம நடந்து வந்தாரு. பாத்துகிட்டு சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. படுக்க வச்சு, கால உயரமா வைக்கணும்னு ஒரு பெரிய கர்ட்டன் துணிக் கட்ட எடுத்து அடியில குடுத்தேன். நல்ல வெல்வெட்டு. அதப் பாத்துட்டு இன்னொருத்தர் தோள்பட்ட வலின்னாரு. சாயங்காலம் வாசல் வரைக்கும் கூட்டம். ஒரு மீட்டர் துணி போகல. அண்ணி அந்த வெல்வெட்ட எடுத்து உதறி உதறி மடிச்சு வச்சாங்க. அதான் எனக்குக் கொஞ்சம்... பரவால்ல. போகப் போகப் பழகிரும். மனுஷனப் பாத்தா மனுஷனாப் பாக்காம ஜன்னலாப் பாக்கணும். அவ்ளோதான் சூட்சுமம்.

...

உஷ்!

கேட்டுச்சா?

இல்ல, நாற்காலி நகத்தின சத்தம் இல்ல. நாற்காலி சத்தம் எனக்குத் தெரியாதா? மூலயிலேருந்து வந்துச்சு. இருங்க, அசையாதீங்க... வாத்தியாரே! நீங்களா? ...போர்வய எடுங்க. மூஞ்சியக் காட்டுங்க. நீங்கதான! ஐயோ, என் சாமி! என் ராசா! ஆயாம்மா, ஓடி வாங்க, வாத்தியாருக்குப் பிரிஞ்சிருச்சு! என்னது, மன்னிக்கணுமா? மன்னிக்கறதா! இன்னொண்ணு விடுங்க வாத்தியாரே, தைரியமா விடுங்க! யாரு சிரிக்கறா? யாரும் சிரிக்கக் கூடாது, எல்லாரும் கை தட்டுங்க! அட, தட்டுங்கங்க!

...அப்பாடா. வந்துட்டேன், வந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க, உங்கள அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். பாத்தீங்களா அவரு மூஞ்சிய? அழறாருங்க. வெக்கமும் அழுகையும் சிரிப்பும் ஒண்ணா. ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுத்தேன். தண்ணியப் போயி ஒரு மனுஷன் அப்படிக் குடிச்சு நான் பாத்ததே இல்ல. சம்சாரத்துக்குப் போன் போட்டேன். அந்தம்மா "பிரிஞ்சுதா, பிரிஞ்சுதா"ன்னு அதயே சொல்லிகிட்டிருக்காங்க. எனக்கு வேற கண்ணுல தண்ணி கொட்டுது பாருங்க, கருமம். ஏங்க, இதே சத்தம் அந்த ஏசி கடையில வந்திருந்தா என்ன ஆகும்? ஆளாளுக்கு மேல பாத்துகிட்டு நிப்பாங்க. இங்க கை தட்டறோம். இந்த ஒரு எடத்துலதாங்க தட்டுவாங்க.

மேட்ரன் வந்தாங்க, பாத்தீங்கல்ல? சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க. மூஞ்சிக்கு நேரா நின்னுகிட்டு, "என்னமோ சொல்லணும்னு காலைலேருந்து சுத்திச் சுத்தி வர்றியாமே, என்ன?"ன்னு கேட்டாங்க. இதான் சமயம், சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். "பிரிஞ்சிருச்சு மேடம்"னு வருது! அந்தம்மா சிரிச்சாங்கங்க. நான் வந்ததுலேருந்து அந்தம்மா பல்லு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

சரி, உங்களுக்கு ஏன் இன்னும் பீப் வரல? குடுங்க பாப்போம்...

ஐயையோ.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லங்க. பட்டன அமுக்கவே இல்ல போலிருக்கு. இவ்ளோ நேரமா சும்மாதான் சப்பிகிட்டு இருந்தீங்க. சொல்லக் கூடாதா? ...ஆமா, எப்படிச் சொல்லுவீங்க. இப்ப அமுக்கிட்டேன், ஆ காட்டுங்க. கொஞ்ச நேரந்தான்... இந்தா அடிச்சிருச்சு. அடக் கடவுளே, நூத்திரெண்டு! இவ்ளோ காய்ச்சலோடயா நான் பேசினதக் கேட்டுகிட்டு இருந்தீங்க? படுங்க மொதல்ல.

என்ன, எதுக்கு எந்திரிக்கறீங்க? வண்டியா? கீழ நிக்குதா? எந்த வண்டி? ...கர்ட்டன் கட வண்டியா?

எங்கண்ணன் கட வண்டியா!

அப்ப நீங்க பேஷண்ட் இல்ல, டிரைவரா? அடப்பாவமே, என்னக் கூட்டிட்டுப் போக வந்த ஆளையா கட்டில்ல போட்டுப் போத்தி வச்சேன்? ஆயாம்மா! இவரு யாருன்னு கேட்டீங்களா? ...ஆமா, நானும் கேக்கல. சரி, போங்க. இல்ல, நீங்க போகாதீங்க, ஆயாம்மா போங்க. நீங்க படுங்க. நூத்திரெண்டுல வண்டி ஓட்டுவீங்களா? நான் இருக்கற வரைக்கும் அந்தச் சாவியத் தொட முடியாது. குடுங்க இங்க. உங்க பையில போன் அடிக்குது பாருங்க. அண்ணனா? குடுங்க, நானே பேசறேன்.

அண்ணா, நான்தான். உங்க டிரைவருக்கு நல்ல காய்ச்சல், அட்மிஷன் போடறேன். வண்டி இன்னிக்கு வராது. நானும் வரல. இல்லண்ணா, அதுக்காக இல்ல, வேற டிரைவர் அனுப்பினாலும் வரல. நேத்து அழுதேன், இன்னிக்கு வேற மாதிரி அழுதேன், அத அப்புறம் சொல்றேன். கோவமா? ...என்ன சிரிக்கறீங்க? அண்ணி அங்க எதுக்கு சிரிக்கறாங்க? ...என்னது? கடைக்கு வேற ஆளு எடுத்தாச்சா? எப்ப? வெல்வெட்டு அன்னிக்கேவா! அப்ப எந்த மூஞ்சிய வச்சுகிட்டு எனக்கு வண்டி அனுப்பினீங்க?

...டிரைவருக்குக் காய்ச்சல், உன்கிட்ட காட்டட்டும்னுதான் அனுப்பினீங்களா? "நீ எங்க வரப் போற"வா? அப்ப நான் அவ்ளோ அழுதத ஒருத்தருமே நம்பலையா? ஒரு வார்த்த, சும்மா ஒரு பேச்சுக்காவது, "வேலைய விட்டுராத தங்கச்சி"ன்னு சொல்லத் தோணலையா உங்களுக்கு?

...சொல்லுங்க. இன்னொரு தடவ சொல்லுங்க. ம்... சரி, சரி, போதும், வைங்க. பேஷண்ட் பக்கத்துல இருக்காரு. டூட்டி நேரத்துல வளவளன்னு பேசறது எனக்குப் பிடிக்காது.