சர்க்கார் கவிழத் தேங்காய்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். டெல்லியில் ஆட்சி கவிழ்ந்த செய்தி டீக்கடை ரேடியோவில் வந்தது. எனக்கு முன்னால் நின்ற நடுவயதுப் பெண் தன் தங்கையிடம் சொன்னாள்:

“நான் பிரான்சு சர்க்காரையே கவுத்திருக்கேன்டி.”

“இன்னாக்கா சொல்ற?”

“உங்க மாமா பிரெஞ்சு பட்டாளத்துல வியட்நாம் சண்டைக்குப் போனாரில்ல? இந்த சர்க்கார் போயி வேற வந்தா சண்டைய நிறுத்திடும்னு பாண்டிச்சேரில பேசிப்பாங்க. நான் இங்க வந்து மலையச் சுத்திட்டு, அது கவுழணும்னு தேங்கா உடைப்பேன். கொஞ்ச நாள்ல கவுந்துடும்.”

“அப்புறம்?”

“வேற வரும். சண்டை நிக்காது. திரும்பவும் சுத்துவேன், அதுவும் கவுந்துடும். கடைசில நிறுத்துறவரும் வந்தாரு. கப்பல் கப்பலா ஆளுங்க திரும்புனாங்க. உங்க மாமாவோட பொட்டி மட்டுந்தான் வந்துது.”

பஸ் வந்து நின்றது. அக்கா ஏறாமல் மலையைப் பார்த்தாள்.

“அண்ணாமலையார் மேல தப்பில்லடி. சர்க்கார் கவுழணும்னு கேட்டேன், கவுத்தாரு. சண்டை நிக்கணும்னு கேட்டேன், நிறுத்துனாரு. உங்க மாமா உசுரோட வரணும்னு தனியா ஒரு தடவகூட கேக்கலையே. அதுலயே அதுவும் அடங்கிடும்னு இருந்துட்டேன்.”