மஞ்சள் கைப்பிடி வைத்த பாத்திரம்

வயிற்று வலி என்று ஒருவர் வந்து படுத்தால் முதலில் இடுப்பு நாடாவைத் தளர்த்திவிட வேண்டும். மருந்து மாத்திரையெல்லாம் அதற்குப் பிறகுதான். நேற்று உங்கள் வார்டில் ஒரு பெண்ணை இறுக்கிக் கட்டிய நாடாவோடு அப்படியே படுக்க வைத்திருந்தார்கள். நான்தான் போய் அவிழ்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்க தோஷம். என் காலமெல்லாம் இப்படிப்பட்ட வார்டில்தான் ஓடியது. நான் நர்ஸ் இல்லை, உதவியாள். நோயாளிகள் என்னை 'ஈரத்துணி' என்று கூப்பிடுவார்கள். எப்போதும் கையில் ஒரு ஈரத்துணி வைத்திருப்பேன், யார் நெற்றியிலாவது போடுவதற்கு.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. இந்தக் கஞ்சித் தண்ணீரில் அரிசியைத் தவிர வேறு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டீர்கள். உப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நீங்கள் உணவு ஆலோசகர், போலீஸ் இல்லை. என்னைப் பிடித்து வைக்க உங்களால் முடியாது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். முழுக்கச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மருமகள் கட்டட வரைபடம் போடுகிறவள். எதிலும் கறார். அவளுக்குச் சீலியாக் நோய் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிட்டாள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் துளி உள்ளே போனாலும் அவள் குடல் புண்ணாகிவிடும். அதனால் சமையலறையில் அவளுக்கென்று ஒரு அலமாரி, தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், பாத்திரம் தேய்க்கிற நார்கூடத் தனி. பாத்திரத்துக்கு மஞ்சள் கைப்பிடி. "அத்தை, தப்பா நினைக்காதீங்க, இத மட்டும் நீங்க தொட வேணாம்" என்று வந்த அன்றே சொன்னாள். நான் தப்பாக நினைக்கவில்லை. முகம் தெரியாதவர்களின் மலத்தையும் வாந்தியையும் துடைத்த கை, ஒரு பாத்திரத்தைத் தொடக் கூடாதென்றால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், அவ்வளவுதான்.

என் மகன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். போனால் பல மாதம் வர மாட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வேலைக்குப் போவாள், வருவாள், தன் சாப்பாட்டைத் தானே செய்துகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. மரியாதையான பெண். சாத்திய கதவுக்கு முன்னால் துவைத்த துணியை மடித்து வைத்துவிட்டு வருவேன். மறுநாள் அது உள்ளே போயிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறு யாரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்காகச் சொல்லவில்லை.

முதல் தடவை நடந்தது நிஜமான விபத்து. அலுவலகத்தில் யாருக்கோ பிரிவு விருந்து. சூப் கெட்டியாக இருப்பதற்காக மாவு கரைத்திருக்கிறார்கள், அது தெரியாமல் அவள் குடித்துவிட்டாள். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. வாந்தி, பேதி, மண்டையிடி, கை கால் உதறல். எனக்கு என் வார்டு ஞாபகம் வந்துவிட்டது. நாடாவைத் தளர்த்தி, இடது பக்கமாகப் படுக்க வைத்து, வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். மடமடவென்று கொடுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடும். விளக்கைக் குறைத்தேன். பாதத்தைத் தேய்த்துவிட்டேன். வயிறு கொஞ்சம் அடங்கியதும் பார்லியை வேக வைத்து வடித்த தண்ணீரில் அரிசிக் கஞ்சி கலந்து கொடுத்தேன்.

எங்கள் வார்டில் அதுதான் வழக்கம். வயிறு கெட்டவர், ஒன்றுக்குப் போக முடியாதவர், கால் வீங்கியவர், எல்லாருக்கும் பார்லித் தண்ணீர்தான். "இதுல கோதுமை இல்லியே, அத்தை?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். கோதுமையை நான் தொடுவேனா, கஞ்சித் தண்ணிதான் என்றேன். அன்று அது பொய் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

நான் எழுந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க அத்தை. கதவத் திறந்தே வைங்க" என்றாள்.

இரண்டு நாளில் சரியாக வேண்டியது இழுத்துக்கொண்டே போனது. நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். என் வார்டுக் கதைகளைக் கேட்டு வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். மஞ்சள் கைப்பிடிப் பாத்திரத்தை அவளே என்னிடம் கொடுத்து, "இனிமே இது உங்க பொறுப்பு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் ஏன் தேறவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. கைராசிக்காரி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான். என் கையிலேயே கோளாறு இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே இருந்தபோது நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு படம். சீலியாக் நோயாளிகள் தொடக் கூடாத தானியங்களைச் சிவப்புக் கோட்டால் அடித்துக் காட்டியிருந்தார்கள். முதலில் கோதுமை. அதன் பக்கத்திலேயே பார்லி. வீட்டுக்கு வந்ததும் இருந்த பார்லியை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். தெரியாமல் செய்ததற்கு அவள் என்னைக் கழுவிலா ஏற்றியிருப்பாள்? ஆனால் சொன்னால் பாத்திரம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

நிறுத்தியதும் மளமளவென்று தேறினாள். கன்னம் பூரித்தது. மாடிப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். அதைப் பார்த்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் கொஞ்ச நாளில், "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை, நானே பாத்துக்கறேன்" என்று பாத்திரத்தை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இராத்திரிக் கஞ்சித் தண்ணீர் மட்டும் என் கையால் வேண்டும் என்று கேட்டாள். அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது.

மகன் விடுமுறையில் வந்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் ஒருநாள், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம், சின்ன வீடுதான், நீங்கள் அடிக்கடி வந்து போகலாம் என்றாள். வந்து போகலாம் என்றுதான் சொன்னாள். நான் தலையாட்டினேன். நல்ல காற்றோட்டம் இருக்கிறதா என்றுகூட விசாரித்தேன். மறுநாள் கடைக்குப் போய்ப் பார்லி வாங்கினேன். முட்டி வீக்கத்துக்கு என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

அதை நூல்கண்டு வைக்கிற டப்பாவில் போட்டு வைத்தேன். தினமும் கிடையாது. ஒரு பிடிகூட இல்லை, ஒரு கரண்டி. அவளைக் கொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் என்னென்னவோ செய்திருக்கலாம். எனக்கு அவள் படுத்தால் போதும். படுத்தால் நான் பார்த்துக்கொள்வேன், அவளை யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. வலியைக் கொடுத்ததே நான்தானே என்று கேட்பீர்களானால், அந்த வலியை இறக்கியதும் நான்தான். அன்றைக்கு என் கணக்கு அப்படி ஓடியது. வீடு மாறும் பேச்சு அதோடு நின்றது.

இரத்தப் பரிசோதனையில் நோய் கொஞ்சமும் அடங்கவில்லை என்று வந்தது. அவள் யாருக்கும் தெரியாமல் எதையாவது சாப்பிடுகிறாளா என்று டாக்டர் சுற்றி வளைத்துக் கேட்டார். எதிலும் கறாரான அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. பற்பசையை மாற்றினாள். உதட்டுச் சாயத்தைத் தூக்கிப் போட்டாள். அலுவலகத்தில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. என் மகன் போனில், "நீயே கண்டதையும் தின்னுட்டு எங்கம்மாவப் போட்டுப் பாடாப் படுத்துறியா?" என்று கேட்டான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டான். நான் போனைப் பிடுங்கி அவனைத் திட்டினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொன்னேன். உங்களுக்கு இளகின மனசு என்றான்.

அன்று அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "இனிமே உங்க கையால குடுக்கறதத் தவிர வேற எதையும் தொட மாட்டேன் அத்தை" என்றாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. அவளுக்குத் தெரியாமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்கு அப்போது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. பூசி மெழுகாமல் சொல்லுகிறேன்.

அவள் முழுகாமல் இருந்தாள் என்பது உங்கள் காகிதங்களில் இருக்கும். நாலாம் மாதத்தில் கலைந்தது என்பதும் இருக்கும். அந்த நாலு மாதமும் டப்பாவைத் திறக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். குழந்தை வந்தால் இடம் போதாது என்று மறுபடி வீடு பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு தடவையோ மூன்று தடவையோ, ஒரு கரண்டி. பெரிய டாக்டர் அம்மாவை நான் தனியாகப் பார்த்துக் கேட்டேன். இந்த நோயினால்தான் என்று சொல்ல முடியாது, இதனாலும் இருக்கலாம் என்றார். அவர் சொன்ன முதல் பாதியை மட்டும் நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அது என் பேரக்குழந்தை. அதன் சின்னச் சட்டைக்கு வாங்கிய நூலும் அதே டப்பாவில்தான் இருந்தது. பிறகு நூலைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நிறுத்தியிருக்க வேண்டும். நினைத்தேன், சில வாரம் நிறுத்தவும் செய்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, வேலைக்குத் திரும்புகிறேன் என்றாள். பழையபடி டப்பாவைத் திறந்தேன்.

போன வாரம் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். எலும்பு தெரிய வந்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தீர்கள். வாந்தி நின்றது. முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அவள்தான் உங்களைக் கெஞ்சினாள், அத்தையின் கஞ்சித் தண்ணீரை மட்டும் விடுங்கள் என்று. நீங்களும் மனமிரங்கி விட்டீர்கள். முந்தாநாள் கொண்டுவந்தேன், நேற்று மறுபடி வலி. இன்று நீங்கள் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தீர்கள். நீங்கள் கெட்டிக்காரப் பெண், எப்படியும் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் அதற்குப் பயந்து நான் சொல்லவில்லை.

நேற்று அவளுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திருட்டுத்தனமா எதையும் சாப்பிடல அத்தை. டாக்டர் நம்பல, உங்க பையனும் நம்பல. நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன். உலகத்திலேயே அவளை முழுசாக நம்புகிறவள் நான் ஒருத்திதான். அந்த வார்த்தையைச் சொன்னபோது என் நாக்கு கசந்தது. இன்னும் அந்தக் கசப்பு போகவில்லை. இன்று காலையிலும் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டுதான் வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

ஆக, அதில் இருப்பது பார்லி. தெரிந்தே போட்டது. இன்றைக்கு ஒரு கரண்டிக்கு மேலேயே இருக்கும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என் மகனிடமும் நானே பேசுகிறேன். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவளிடம் மட்டும் நீங்கள் சொல்லுங்கள். என்னால் முடியாது. மெதுவாகச் சொல்லுங்கள். சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். இடது பக்கமாகப் படுக்க வையுங்கள், நாடாவைத் தளர்த்துங்கள், தண்ணீரைக் கரண்டியில் கொடுங்கள். நான் வார்டுக்கு வெளியே அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன், எங்கும் போக மாட்டேன். முதலில் கதவைச் சாத்தச் சொல்லுவாள். வலி அதிகமானால் திறக்கச் சொல்லுவாள்.