செவலைப் பசு தந்த புதுப் புரதம்

— "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டில், மானுட அறிவின் புதிய வாசல் ஒன்று பாப்பாரப்பட்டி அருகே ஒரு செவலைப் பசுவின் மடியில் திறந்தது..." எப்படிக்கா இருக்குது?

— மடியில வாசலா? நாளைக்குப் பூசை முடிஞ்சு கோயில்ல பேசப் போறடா பிலவேந்திரா. சனங்க சிரிப்பாங்க.

— ராஜமேரிக்கா, ஃபாதர் எனக்குப் பொன்னாடை போத்தறாரு. செவலைக்கும் மாலை வாங்கியாச்சு. சாதாரணமாப் பேச முடியுமா?

— பெங்களூர்ல என்ன வேலை செய்யறன்னு மொதல்ல எனக்குச் சொல்லு. நீ பேட்டரி கம்பெனியில இருக்கறதாத்தான் அம்மா இன்னும் சொல்லிட்டுத் திரியுது.

— சரி, கேளு. பால்ல புரதம்னு ஒண்ணு இருக்குது. கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. அதை எடை போடறதுதான் என் வேலை. வெறும் தகட்டுல வெச்சா உப்பும் அழுக்கும் சேந்து ஒட்டிக்கும், துணுக்கு கெளம்பவே கெளம்பாது. அதனால தகட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு. புரதத்தை அது கெட்டியாப் புடிச்சுக்கும். தண்ணி ஊத்துனா உப்பு மட்டும் போயிரும். அப்புறம் கதிரியக்கத்தால அடியிலருந்து ஒரு இடி. துணுக்கு எகிறிப் பறக்கும். லேசானது சீக்கிரம் வரும், கனமானது மெதுவா வரும். வர்ற நேரத்தை வெச்சு எடை.

— அந்தப் பூச்சு என்ன சாமான்?

— நைட்ரோசெல்லுலோஸ்.

— பேரு பெருசா இருக்குதே. வேற எதுலயாச்சும் போடறாங்களா?

— நகப்பாலிஷ்ல போடறாங்க.

— அட கருமமே! அவ்வளவு படிச்சிட்டு எட்டு வருசமாத் தகட்டுக்கு நகப்பாலிஷ் பூசறயா?

— சீராப் பூசறது லேசில்லக்கா. ஒரு எடத்துல தடிச்சாலும் எடை கெட்டுரும். எங்க எடத்துல அதை ஒழுங்காப் பூசற ஆளு ரெண்டே பேரு. இன்னொருத்தன் லீவுல போயிட்டான்.

— சரி சரி. நம்ம செவலை என்ன பண்ணுச்சு?

— மத்த மாட்டுப் பாலுல அந்தப் புரதத்தோட எடை பதினெட்டாயிரத்து எரநூத்தி எம்பது. நீ குடுத்த பாலுல பதினெட்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு! உலகத்துல எந்த மாட்டுக்கும் அப்படிக் கெடையாது. திங்கக்கெழமை பம்பாய் மாநாட்டுல எங்க புரொபசர் அறிவிக்கறாரு. அதை வெச்சுத்தான் என் வேலையையே நெரந்தரம் பண்றாங்க.

— ஏன்டா... வேற எதுனாலயும் அப்படி வருமா?

— எப்படி வரும்? மூணு தடவை வந்து பால் வாங்கிட்டுப் போனேன். மூணும் ஒரே எடை.

— ஒரே எடைதான் வரும்.

— நீ எப்படிக்கா அவ்வளவு உறுதியாச் சொல்ற?

— நீ மொதல்ல வந்தப்ப செவலை கன்னு போட்டு நாலு நாள்தான். பதினோரு நாளைக்குப் பால் வூட்டு வாசலைத் தாண்டக் கூடாதுல்ல? கண்ணு பட்டா மடி வத்திரும். நீயோ பெங்களூருக்குங்கற. படிச்சவன்கிட்ட அதைச் சொன்னாச் சிரிப்பன்னு, மாதம்மா வூட்டு வெள்ளாட்டுல பீச்சிக் குடுத்துட்டேன்.

— ஆட்டுப்பாலா! சரி, அது மொதத் தடவை. அடுத்த ரெண்டு தடவை?

— மொதல்ல குடுத்ததுக்கு ஒத்து வரணும்ல? மாத்திக் குடுத்தா நீ கண்டுபுடிச்சிருவ. அதே ஆட்டைத் தேடிப் போய்த்தான் பீச்சுனேன்.

— அக்கா, பையில பச்சை அட்டை போட்ட நோட்டு இருக்கும். அதை எடு.

— இந்தா. பக்கம் பக்கமாத் தள்றயே, என்ன தேடற? ஆடு எது மாடு எதுன்னு தெரியாத மெசினையா இத்தனை வருசமாக் கட்டி அழற?

— மெசினுக்குத் தெரிஞ்சிருக்குதுக்கா. இதோ, போன வருசம் மார்ச் மாசம். வெள்ளாடு, பதினெட்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு. எழுதுனது நான்தான்.