மூளைக்கு ஓடும் குருதியை மூச்சில் கேட்டவருக்கு

ஊர் உறங்க முப்பத்து நான்காண்டு விழித்திருந்தவரே! கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை "மிஸ்ஸி" என்று தாதியை அழைத்தாலே நினைவுக்கு வருபவரே! எங்கள் தூக்கப் பரிசோதனைப் பிரிவின் தலைமைத் தாதி, அன்பும் அதட்டலும் ஒருங்கே கொண்ட அமுதவள்ளி அம்மையாரே! வணக்கம்.

பணி ஓய்வுப் பொன்னாடை போர்த்தியாயிற்று. இனி நாங்கள் வாசிப்பதில் புகழ்ச்சி பாதி, முறையீடு பாதி. தங்கள் உடல்நிலை பற்றிய முறையீடு அது. பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

முதலில் எங்கள் பழைய பிழையை ஒப்புக்கொள்கிறோம். இப்பிரிவு தொடங்குமுன், பொது வார்டில் பலமாகக் குறட்டை விட்ட நோயாளியின் அறிக்கையில் "நன்றாகத் தூங்கினார்" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்கள் நாங்கள். லோரி ஓட்டுநர் தம்புசாமிக்கும் அப்படியே எழுதினோம். மறுநாள் இரவு தாங்கள் அவர் கட்டிலருகே அமர்ந்து எண்ணி, "மணிக்கு நாற்பது முறை மூச்சு நின்றது" என்று எழுதியபோது எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

மூச்சு நிற்கையில் பிராணவாயு குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் வேகமெடுக்கிறது. மூச்சு மீண்டதும் சட்டென வடிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் பக்கவாதம் வரக்கூடும். இதைத் தம்புசாமிக்குத் தாங்கள் சொன்ன விதமே தனி: "பைப்ப திறந்து திறந்து மூடுனா தாங்குமா அண்ணே? உங்க மண்டைக்குள்ள அதான் நடக்குதுலா!" அன்றே அவர் தூங்கும்போது அணியும் மூச்சுக் கருவிக்கு இணங்கினார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இனி முறையீடு. சென்ற மாதம் பட்டப்பகலில், பச்சை விளக்கு எரிந்தும் தங்கள் கார் நகரவில்லை. பக்கத்தில் இருந்த தாதி மரியம்தான் தட்டி எழுப்பினார். கேட்டால், "நைட் டியூட்டி களைப்புலா, ரிட்டயர் ஆனா சரியாயிரும்" என்கிறீர்கள். ஓய்வறையில் தங்கள் குறட்டையையும், நடுவே அது நின்றுபோகும் நொடிகளையும் நாங்கள் கேட்கவில்லையா? தாங்கள் பழக்கிய காதுகள் அம்மா இவை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, வரும் திங்களிரவு மூன்றாம் கட்டிலைத் தங்கள் பெயரில் பதிந்துவிட்டோம். கணவர் சபாபதி ஐயா துணிப்பையும் கட்டிவிட்டார், தப்பிக்க வழியில்லை! பத்துமலை முருகன் தங்களுக்கு நூறாண்டு தரட்டும். எங்களுக்கு ஓரிரவு தாருங்கள்.

இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். தங்கள் வீட்டுச் சுவரில் இதை வேறு யாரும் மாட்டக் கூடாது. தாங்களே, ஒரு பக்கமும் சோராத இரு கைகளாலும் தூக்கி மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
திங்களிரவு தங்களுக்காக விழித்திருக்கப்போகும்
தூக்கப் பரிசோதனைப் பிரிவினர்