திருத்தம் வராத படம்

"பாக்காமலே பிளஸ்ஸா மைனஸான்னு எப்படிளா சொல்லுத?" என்று, திரைக்கு வரும் எண்களைப் பற்றிச் செந்தில்வேல் அண்ணன் ஒருமுறை என்னைக் கேட்டார். நான் டீ டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன். "இவ சீனி போடணுமான்னுகூட கேக்க மாட்டா. மூஞ்சியப் பாத்தே போட்டுருவா. அதுவும் சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தது காதில் விழுந்தது.

அண்ணன் சங்கு குளிக்கிற படகுகளுக்குக் கேமரா அமைத்துக் கொடுப்பவர். தருவைகுளத்தில் கரையோரம் அவருக்கு ஓர் அறை. கடலடியில் சங்கு பொறுக்குகிறவரின் படம் படகு வழியாக அங்கே திரைக்கு வரும். சிக்னல் மெலிந்தால் படம் உறைந்து நிற்கும். அதைச் சரிசெய்ய மில்லர்புரத்திலிருந்து ரம்யா அக்கா வந்தார், இன்ஜினியர். பெருக்குவதும் டீ போடுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என் வேலை.

படம் சின்னச் சின்னக் கட்டங்களாக, எண்களாகத்தான் வருகிறது. எண்ணின் அளவைச் சுருக்கிவிடலாம். அதன் முன்னால் நிற்பது கூட்டலா கழித்தலா என்பதைச் சுருக்க முடியாது. காசைச் சுண்டிவிட்டது போல எதுவும் விழலாம். ரம்யா அக்கா குப்பையில் போட்ட தாள்களை எடுத்து வைத்துப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். பிறகு நோட்டில் ஒரு வழி எழுதினேன். இரண்டு குறியையும் போட்டுப் பார்க்க வேண்டும். எதைப் போட்டால் கட்டத்தின் ஓரம், முன்பே வந்துவிட்ட பக்கத்துக் கட்டங்களோடு பிசிறில்லாமல் சேர்கிறதோ அதுதான் சரி. இதைக் கரையிலிருக்கிற கம்ப்யூட்டரே ஊகித்துக்கொள்ளும். ஊகம் சரியா தப்பா என்பதை மட்டும் படகு அனுப்பினால் போதும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதால் அது வெகுவாகச் சுருங்கும்.

அந்த நோட்டை ரம்யா அக்காவிடம் காட்டினேன். வேறு யாருக்கும் எந்த நோட்டையும் நான் காட்டியதில்லை.

"இது ஏற்கெனவே உலகத்துல இருக்குறதுதான். நீ எதைப் பாத்து எழுதுன? அதைச் சொல்லு" என்றார்.

பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சரும் இதையே கேட்டார். பக்கத்தில் முதல் ரேங்க் வாங்குகிறவள் உட்கார்ந்திருந்தாள், அதனால் நான் காப்பியடித்தவள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

ரம்யா அக்கா என் வழியையே புரோகிராமில் சேர்த்தார், தன் பெயரில். படம் முன்னைவிட நன்றாக ஓடியது. ஆனால் காற்றடிக்கிற நாட்களில் அப்போதும் உறைந்தது. என் ஊகம் பத்தில் எட்டு சரியாக வருவதை எண்ணி வைத்திருந்தேன். பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும்? ஒரு நாள் அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது படகு அனுப்புகிற அந்தத் திருத்தத்தைப் புரோகிராமில் நிறுத்திவிட்டேன். கரை ஊகிப்பதே படம் என்று ஆனது.

மூன்று வாரம் படம் ஒருமுறைகூட உறையவில்லை. கடல் எப்படியும் கலங்கலாகத்தான் தெரியும் என்பதால் யார் கண்ணிலும் வித்தியாசம் படவில்லை. அண்ணன் ரம்யா அக்காவுக்கு முந்திரி போட்ட மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கும் இரண்டு கிடைத்தது.

சங்கு குளிக்கிற ஜீவமணி அண்ணன் ஒரு கையில் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். முன்பெல்லாம் கயிற்றை இழுத்துத்தான் மேலே தெரிவிப்பார்கள். கேமரா வந்தபின் கையை விரித்துக் காட்டினால், நான் படகுக்கு போன் செய்வேன், அவர்கள் தூக்குவார்கள். "ஏளா இன்பமணி, வாயத் தொறந்தா முத்து உதுந்துருமோ? நான் கையக் காட்டுனா மட்டுமாவது தொறளா" என்று அன்று காலையிலும் கேலி செய்துவிட்டுத்தான் போனார்.

சுற்றிலும் இருட்டுத் தண்ணீர். நடுவில் திடீரென ஒரு வெள்ளைக் கை பக்கத்துக் கட்டங்களோடு ஒட்டாது. ஆகவே ஊகம் அதையும் தண்ணீராக்கிவிடும். சோதனைப் படங்களில் இதை முன்பே பார்த்து, நோட்டில் குறித்தும் வைத்திருந்தேன்.

அன்று கை இருக்க வேண்டிய இடத்தில் லேசான தீற்றல் தெரிந்தது. அது கைதான் என்று எனக்குத் தெரியும். ஊகம் தப்பு என்று நோட்டில் ஒரு கோடு போட்டேன். அடுத்ததாவது சரியாக வருகிறதா என்று பார்த்தேன். எட்டுக் கோடு போட்ட பிறகுதான் போனை எடுத்தேன். அவர்கள் தூக்கியபோது ஜீவமணி அண்ணனுக்கு மூச்சு இல்லை.

விசாரிக்க வந்தவர் ரம்யா அக்காவை ஒரு மணி நேரம் கேட்டார். என்னிடம் டீ மட்டும் கேட்டார். படகிலிருந்து மூச்சுக்குப் போகும் காற்றுக் குழாய் மடங்கியதால் மரணம் என்று எழுதிக்கொண்டு போனார்.

நேற்று ஜீவமணி அண்ணனின் மனைவி ஞானபாய் அக்கா வந்தார். கையுறை இங்கே கிடக்கிறதா என்று கேட்டார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "நீயாவது கடைசியா அவுகளப் பாத்தியே தாயி" என்று என் தலையைத் தடவினார். நான் கொடுத்த டீயைக் குடித்தார். அப்போது திருத்தத்தை நிறுத்தியது, எட்டுக் கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மன்னிப்பா, சாபமா? இரண்டையும் போட்டுப் பார்த்தேன். நாற்காலி, தலையைத் தடவிய கை, டீ எல்லாவற்றோடும் மன்னிப்புதான் பிசிறில்லாமல் சேர்ந்தது. நோட்டில் கூட்டல் குறி போட்டேன். தப்பென்றால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அக்கா பாதி டீயோடு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்.