நரியின் பன்னிரண்டு விநாடி

கோளிபஜே என்கிற எங்கள் ஊர் மைதா போண்டாவைச் சூட்டோடு தின்றால்தான் ருசி. ஆறிவிட்டால் அது ரப்பர் பந்து. நீங்கள் வாங்கி வைத்த தட்டு ஆறிக்கொண்டிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா, இருந்தாலும் முதலில் எழுதி முடித்துவிடுகிறேன். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க ராயரே, அவசரமில்ல" என்றீர்கள். முப்பத்தோரு வருஷமாக நான் செய்வது அதைத்தான்.

என் பெயர் ராஜாராம உடுப. கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குந்தாபுரம் ஹாம் ரேடியோ மன்றத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவன். "அந்த ரேடியோல பாட்டு வருமா?" என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். வராது. நாங்களே பேசுவோம், நாங்களே கேட்போம். அதற்குப் பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, வீட்டுக்காரியிடம் திட்டும் வாங்கிக்கொள்கிறவர்கள் நாங்கள்.

மன்றத்தில் இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் கொஞ்சம் பித்து. பிரேசில்காரனின் முழங்கால் வலி எங்களுக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது. தென்னை மரத்தைப் பார்த்தால் ஊருக்கு இளநீர் ஞாபகம் வரும், எங்களுக்கு ஆன்டெனா கட்டும் ஆசை வரும். மாதக் கூட்டத்தில் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கொரு கருவியை வாயருகே பிடித்து, "நான் பேசுறது கேக்குதா?" என்று விசாரித்துக்கொள்வோம். பஸ் முதலாளி ஒருவர் மாமரத்தில் கம்பி கட்டப்போய்க் கீழே விழுந்தார். தூக்கிய ஆட்களிடம் அவர் முதலில் கேட்டது, கம்பி அறுந்ததா என்றுதான். இப்படிப்பட்டவர்களோடு இருந்தால் மனிதனுக்கு வயசாகாது ஐயா. எனக்கு அறுபத்தாறு, நம்பமாட்டீர்கள்.

இதற்கெல்லாம் நடுநாயகம் ஞாயிறு சபை. காலை எட்டு மணிக்குக் கரையோரத்திலும் மலைமேலும் இருக்கும் நாற்பது பேர், மன்றத்தாரும் வெளியாரும், ஒரே அலைவரிசையில் கூடுவோம். ஒருவர் சபையை நடத்துவார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசலாம். பேசுவது மூன்றே விஷயம்: உன் குரல் எப்படிக் கேட்கிறது, எங்கள் ஊரில் மழை எப்படி, காலையில் என்ன பலகாரம். நடத்தியவன் நான், இருபத்தாறு வருஷம். ஆய்வுக்கூடத்தில் வாரம் ஆறு நாள் "உடுப, அந்த லென்ஸைத் துடைச்சு வை" என்பார்கள். ஞாயிறு எட்டு மணிக்கு எஸ்டேட் முதலாளிகளும் டாக்டர்களும் "உடுபரே, நான் பேசலாமா?" என்று அனுமதி கேட்டுக் காத்திருப்பார்கள். எனக்கு இருந்த சொத்து அந்த ஒரு மணி நேரம்தான். அது போனால் நான் லென்ஸ் துடைத்தவன், அவ்வளவே.

நார்பெர்ட் ரெபெல்லோ வந்தது மூன்று வருஷத்துக்கு முன். சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு வருஷம் ரேடியோ அதிகாரியாக இருந்து ஊர் திரும்பியவர். நல்ல மனிதர், இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். மோர்ஸ் தட்டினால் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டுக்கும் தட்டு நிறையக் குஸ்வார் பலகாரம் வரும், எனக்கு மட்டும் முட்டை சேராததாகப் பார்த்துத் தனிப் பொட்டலம். சிரிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கப்பல்காரருக்கு நீச்சல் தெரியாது என்பதே ஒரு தமாஷ். கேட்டால், "நீச்சல் தெரிஞ்சவன் எதுக்கு மாராயா கப்பல்ல வேலைக்குப் போறான்? அவன்தான் நீந்தியே போய்ச் சேர்ந்திருவானே" என்பார். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

போன ஆடியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு ஞாயிறு சபையை அவர் நடத்தினார். பலகாரம் சொன்னவர்களுக்கெல்லாம் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டார். நீர்தோசைக்கு எட்டு, வாழைப்பழப் பன்ஸுக்கு ஒன்பது. "உடுபர் வீட்ல உப்புமாவாம். தொண்டை கட்டினது அதாலதான். ரெண்டு மார்க்" என்றார். நாற்பது வீடுகளில் சிரித்தார்கள். அடுத்த வாரம் தொண்டை சரியாகி நான் உட்கார்ந்தேன். மூன்றாவதாகப் பேசியவர், "இன்னிக்கு மார்க் கிடையாதா?" என்று கேட்டார். சாதாரணமான கேள்விதான்.

ஆகஸ்டில் வருடக் கூட்டம். எங்கள் செயலாளர் வினயா ஹெக்டே பல் டாக்டர். வலிக்காமல் பிடுங்குவதில் கைராசிக்காரி என்று பேர். அன்றும் அப்படித்தான் பிடுங்கினாள். "உடுபரே, இருபத்தாறு வருஷம் உழைச்சிட்டீங்க. கொஞ்சம் ஓய்வெடுங்க. சபையை நார்பெர்ட் அண்ணா நடத்தட்டுமே."

கை தூக்கச் சொன்னார்கள். பத்தொன்பது கைகள். சபை மரியாதைக்கு நானும் தூக்கியதால் இருபது. நார்பெர்ட் நெளிந்தார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாராயா. பெரியவர் இருக்கும்போது நான் எதுக்கு" என்றார். யாரும் கேட்கவில்லை. பிறகு அவரே எனக்கு ஆறுதலாக ஒன்றைக் கண்டுபிடித்தார். "அப்போ இந்த வருஷம் நரியை உடுபர் ஒளிச்சு வைக்கட்டும். இந்த ஊர் மூலைமுடுக்கு அவரை விட யாருக்குத் தெரியும்?" எல்லாரும் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, யோசனை அவருடையது. எனக்கு அதுவரை ஒன்றும் தோன்றவில்லை.

நரி வேட்டை எங்கள் பண்டிகை. சோப்புப் பெட்டி அளவு ஒலிபரப்புக் கருவி ஒன்று உண்டு, அதுதான் நரி. ஒருவர் அதைக் காட்டில் ஒளித்து வைப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது ஒரு நிமிஷம் கூவும். மற்றவர்கள் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஆன்டெனாவை மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டு, எந்தத் திக்கில் சத்தம் ஏறுகிறது, மீட்டர் முள் எங்கே துள்ளுகிறது என்று தேடி வருவார்கள். வழியில் பார்க்கிறவர்கள் மந்திரவாதி என்று ஒதுங்குவார்கள். வேட்டைக்காரன் கண் முள்ளின்மேல்தான் இருக்கும், காலுக்குக் கீழே இருக்காது. கம்மாயில், சாணக்குழியில், ஒருதடவை ஒரு சாமியாடியின் மேலேயே விழுந்திருக்கிறோம்.

நார்பெர்ட் மூன்று வருஷமும் ஜெயித்தவர். மற்றவர்கள் ஸ்கூட்டரில் பாதையோடு சுற்றி வருவார்கள். அவர் முள் காட்டிய திக்கில் கோடு கிழித்த மாதிரி நடப்பார். "கடல்ல பாதை எங்க இருக்கு உடுபரே, கோடுதான்" என்பார். ஒருமுறை அந்தக் கோடு கல்யாண வீட்டுச் சமையல் பந்தல் வழியாகப் போயிற்று. முன்வாசலில் நுழைந்து, பின்பக்கம் லட்டோடு வெளியே வந்து, அப்படியும் முதலாவதாக வந்தார்.

மலைச்சரிவு முந்திரித் தோப்புக்குப் பின்னால், வீடு கட்டச் செம்புரைக்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பழைய குழி இருக்கிறது. சுவர்கள் கத்தியால் வெட்டிய பாலாடைக்கட்டி மாதிரி செங்குத்தாக இருக்கும், பிடிக்க ஒன்றும் கிடையாது. மழைக்குப் பிறகு விளிம்புவரை தண்ணீர், மேலே பச்சைப் பாசி படர்ந்து, புதிதாகப் பார்ப்பவனுக்கு அது புல்தரைதான். வேட்டைக்கு முந்தின வியாழக்கிழமை போய்க் கயிற்றில் கல் கட்டி அளந்தேன். இருபத்தேழு அடி. மாடு விழாமலிருக்க யாரோ சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். புறப்படும் இடத்திலிருந்து கோடு வந்து தொடும் பக்கத்தில், ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும், முள்ளை விலக்கினேன். கால்சட்டை கிழியக்கூடாதல்லவா. ஸ்கூட்டர்காரர்கள் வரும் எதிர்ப் பக்கத்தில் இன்னும் இரண்டு கிளை கூடுதலாகப் போட்டு நெருக்கினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். நரியைக் குழிக்கு எதிர்க்கரையில் வைத்தேன். கோபம் ஏதும் கிடையாது. வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம்.

பிள்ளையார் சௌதி முடிந்த ஞாயிறு. எட்டு மணிச் சபையில் நார்பெர்ட், "இன்னிக்கு நரியைக் கண்டுபிடிச்சு உடுபர் கையால மார்க் வாங்கப்போறேன்" என்றார். பத்து மணிக்கு வேட்டை தொடங்கியது. நான் எதிர்க்கரைப் புதரில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். அன்று மழை விட்டு நல்ல வெயில், தட்டாம்பூச்சிகள், மனசு திருவிழாவுக்குப் போன மாதிரி இருந்தது. பத்து நாற்பதுக்கு நரி கூவி ஓய்ந்தது. பத்து நாற்பத்திரண்டுக்கு நார்பெர்ட் தோப்பிலிருந்து வெளியே வந்தார், அதே கோட்டில், விலக்கிய இடத்துக்கு நேராக.

விளிம்பில் நின்றுவிட்டார். ஏனென்று தெரியவில்லை, தவளைச் சத்தமாக இருக்கலாம். ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கினார். கீழே பார்க்கத் தலையைக் குனியத் தொடங்கினார். அடுத்த கூவலுக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. நரியில் கையால் அழுத்தும் பொத்தான் ஒன்று உண்டு, அதை அழுத்தினேன். நூறடி தூரத்தில் சத்தம் எப்படி இருக்கும், முள் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். முகம் மலர்ந்து நிமிர்ந்தார். அந்தச் சந்தோஷத்தை இன்றும் சொல்வேன், அதைக் கொடுத்தவன் நான். ஒரு அடி எடுத்து வைத்தார்.

இரண்டுமுறை "யாராவது" என்றார். ஒருமுறை "உடுபரே" என்றார். என்னைப் பார்த்துக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், கோவில் குளத்தில் கற்றது. ஆனால் வேட்டை முடியும்வரை ஒளித்தவன் வெளியே வரக்கூடாது என்பது மன்ற விதி, எட்டாவது விதி, எழுதியவனே நான்தான். பத்து நாற்பத்தாறுக்குப் பாசி மறுபடி மூடிக்கொண்டது.

பதினொன்றேகாலுக்கு வினயா ஸ்கூட்டரில் வந்து நரியைக் கண்டுபிடித்தாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். நான் புதரிலிருந்து வந்து வாழ்த்தினேன். பன்ஸ் பிரித்தோம், பிளாஸ்கில் சூடான மல்லிக் கஷாயம். "நார்பெர்ட் அண்ணா எந்தக் கல்யாணத்துல மாட்டினாரோ" என்றாள் வினயா. "இந்தத் தடவை பாயசம் சாப்பிட்டுட்டுத்தான் வருவாரு" என்றார் பஸ் முதலாளி. குழிக்கரையில் உட்கார்ந்து அரைமணி சிரித்தோம். பழைய நாட்கள் மாதிரி இருந்தது, எல்லாரும் என்னைச் சுற்றி. பன்னிரண்டு மணிக்கு வினயாதான் பாசியில் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

நீங்கள் வந்தீர்கள், விபத்து என்று எழுதினீர்கள், சரியாகவே நடந்துகொண்டீர்கள். அடுத்த ஞாயிறு சபையை யார் நடத்துவது என்று பேச்சே எழவில்லை. எங்களில் ஒருவர் போய்விட்டால் அவர் அழைப்புப் பெயரை மூன்றுமுறை கூப்பிட்டு, பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருப்போம். நான் கூப்பிட்டேன். குரல் இரண்டாவதில் உடைந்தது, நடிப்பல்ல. அன்று வந்தவர்கள் அறுபத்தொரு பேர். இருபத்தாறு வருஷத்தில் அத்தனை பேர் வந்ததே இல்லை. "இனிமே நீங்கதான் உடுபரே எங்களுக்கு" என்று ஒருவர் அழுதார். சபை முடிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் போய் வீட்டாருக்கு ஜிலேபி வாங்கினேன்.

புதன்கிழமை வினயா வீட்டுக்கு வந்தாள். உங்கள் அறிக்கைக்காக நரியின் பதிவேட்டை நகல் எடுத்திருந்தாளாம்.

"உடுபரே, நரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவைதானே கூவும்?"

"ஆமாம்மா."

"அப்போ பத்து நாப்பத்திரண்டுக்கு ஏன் கூவிச்சு?"

"எழுதியிருக்கேனே. பன்னிரண்டு விநாடி, கையால அழுத்தினது."

"எதுக்கு அழுத்தினீங்க?"

"அவர் நின்னுட்டாரும்மா."

அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எழுதாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். நான் சொன்னேன், "எழுதாம எப்படிம்மா? ஒரு விநாடி காற்றுல விட்டாலும் பதிவேட்டுல ஏறணும். சட்டம் இருக்கு." கொடுத்த கஷாயத்தைத் தொடாமல் எழுந்து போனாள்.

ஆக, செய்தது நான். வேலியை விலக்கியது நான், நரியை அங்கே வைத்தது நான், பொத்தானை அழுத்தியது நான், புதரில் உட்கார்ந்திருந்தது நான். மன்றத்துக்காகச் செய்தேன். சிரிப்பு நல்லதுதான், ஆனால் சபை என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும், அதை அவர்களே உணர்ந்ததற்கு அந்த அறுபத்தொரு பேர் சாட்சி.

நேற்று ஞாயிறு. எட்டு மணிக்கு உட்கார்ந்து வழக்கம்போல் சபையை அழைத்தேன். யாரும் வரவில்லை. கம்பிகளைச் சரிபார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், நாற்பது பெயரும் எனக்கு மனப்பாடம். எட்டே முக்கால்வரை கூப்பிட்டேன். பக்கத்து அலைவரிசையில் ஒரு ஹுப்ளிக்காரரும் ஒரு கொச்சிக்காரரும் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார்கள், அடுத்த அறையில் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. எங்கள் அலைகள் மேலே போய்த் திரும்பி வருவது சூரியனைப் பொறுத்தது, ஐயா. சூரியனில் கொந்தளிப்பு வந்துவிட்டால் ஒருவர் கூப்பிடுவது மற்றவருக்குக் கேட்காது. நாற்பது பேரும் கருவி முன்னால் உட்கார்ந்து என்னைத் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நேற்று சூரியன் சரியில்லை.